உறைக்குள்ளும் போடாதீர்கள், உறையைத் தூக்கியும் போடாதீர்கள்

கேள்வி: பழைய பிரிட்டிஷ் 1907 மாடல் பயோனெட் (துப்பாக்கி முனையில் மாட்டும் கத்தி) ஒன்றைத் தோல் உறையோடு வாங்கினேன். உறையில் செருகியபடியே பெட்டியில் வைத்திருந்தேன். ஒரு வருடம் கழித்து உருவினால் அலகு முழுக்கப் புள்ளிப் புள்ளியாகத் துரு. உறையும் தொட்டால் செம்பொடியாக உதிர்கிறது. கத்தியை உப்புத்தாளால் தேய்க்கலாமா? உறைக்கு எண்ணெய் தடவுவதா, இல்லை தூக்கிப் போட்டுவிட்டுப் புதிதாகத் தைப்பதா?

பதில்: முதலில் உப்புத்தாளைக் கீழே வையுங்கள். பிடியை ஒட்டி, அலகின் அடியில் லென்ஸ் வைத்துப் பாருங்கள். ஒரு பக்கம் கிரீடம், 1907 என்ற மாடல் ஆண்டு, தயாரான மாதமும் வருடமும், செய்தவர் பெயர். மறுபக்கம் அரசாங்க அம்புக்குறி, அலகை வளைத்துச் சோதித்ததற்கு அடையாளமாகப் பெருக்கல் குறி. நாலு இழுப்பு இழுத்தால் அத்தனையும் மங்கிவிடும். நானும் ஆரம்பத்தில் ஒன்றைக் கண்ணாடி போல் பளபளக்க வைத்துப் பெருமைப்பட்டவன்தான். வாங்க வந்தவர் அதைக் கையில்கூட எடுக்கவில்லை.

கறுத்துப்போய், விரலில் ஒட்டாமல் இருப்பது வயதின் நிறம், அதைத் தொடாதீர்கள். ஆரஞ்சு நிறத்தில் விரலில் ஒட்டுகிறதே, அதுதான் இன்னும் இரும்பைத் தின்றுகொண்டிருக்கிறது. மெல்லிய எண்ணெய் விட்டு ஒரு நாள் ஊறவைத்து, பழந்துணியால் பொறுமையாகத் துடையுங்கள். ஒரே நாளில் போகாது, திரும்பத் திரும்பச் செய்ய வேண்டும். அப்புறம் எண்ணெய்ப் பிசுக்கைத் துடைத்துவிட்டு, அருங்காட்சியகங்களில் பூசும் மைக்ரோகிரிஸ்டலைன் மெழுகை லேசாகத் தடவுங்கள். பிரிட்டிஷ் மியூசியத்தின் ஆய்வுக்கூடத்தில் உருவான ரெனைசான்ஸ் மெழுகு இந்த வகைதான்.

இவ்வளவு துருவுக்கும் காரணம் உறைதான். மரப்பட்டைச் சாற்றில் பதனிட்ட தோலில் அமிலம் உண்டு. காற்றில் உள்ள ஈரத்தையும் அது இழுத்து வைத்துக்கொள்ளும். அதற்குள் அலகைச் செருகி மாதக்கணக்கில் மூடி வைத்தால் துருப்பிடிக்காமல் என்ன செய்யும்?

செம்பொடி உதிர்வது தோலே சிதைவதன் அடையாளம். அதைப் பழையபடி ஆக்க முடியாது. எண்ணெய் தடவினால் கறுத்துப் பிசுபிசுத்து, இருக்கிற வலுவும் போய்விடும். ஹைட்ராக்ஸிபுரோப்பைல் செல்லுலோஸ் என்ற பசைத்தூளை ஆல்கஹாலில் கரைத்துப் பூசினால் பொடி இறுகி நிற்கும். தோலின் நிறம் கொஞ்சம் மாறலாம். முதலில் வெளியே தெரியாத ஓர் ஓரத்தில் பூசிப் பாருங்கள்.

தூக்கிப் போடுவதா? கூடவே கூடாது. ஜெர்மன் 84/98 மாடல் பயோனெட்டுகள் பலவற்றில் அலகிலும் உறையிலும் ஒரே எண் அடித்திருக்கும்; எண் பொருந்தினால் மதிப்பே வேறு. உங்கள் ஜோடியை அப்படி எண் பார்த்து நிரூபிக்க முடியாது என்றாலும், அந்தக் காலத்து உறைக்குப் புது உறை ஈடாகாது. உறையின் இரும்பு வாயிலும் நுனிப்பூணிலும் முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள்.

இரண்டையும் ஒரே பெட்டியில், ஆனால் தனித்தனியாக வையுங்கள். உறைக்குள் அமிலமில்லாத தாளைத் தளர்வாகச் சுருட்டி வைத்தால் வடிவம் குலையாது. யாருக்காவது காட்டுவதற்கென்றுகூட அலகை இந்த உறையில் செருகாதீர்கள், தையல் விட்டுவிடும்.