உறுப்பினர்கள் ஏன் பதில் சொல்வதில்லை?

கேள்வி: நான் ஒரு சங்கத்தின் செயலாளர். மாதந்தோறும் சுற்றறிக்கை அனுப்புகிறோம். வாட்ஸ்அப் குழுவிலும் எல்லாத் தகவல்களையும் பதிவிடுகிறோம். ஆனாலும் கூட்டத்துக்கு வருபவர்கள் வழக்கமான சிலரே. கருத்துக் கேட்டால் யாரும் வாய் திறப்பதில்லை. உறுப்பினர்களின் ஈடுபாட்டை எப்படித் தக்கவைப்பது?

பதில்: நீங்கள் அனுப்பும் செய்திகளைப் பற்றி எழுதியிருக்கிறீர்கள், உறுப்பினர் ஒருவர் கடைசியாகச் சொன்ன யோசனை என்னவாயிற்று என்பது பற்றி உங்கள் கடிதத்தில் ஒரு வரியும் இல்லை. சிக்கல் அங்கேதான் இருக்கிறது என்று எண்ணுகிறேன்.

லெவிட், முல்லர் என்ற இரு ஆய்வாளர்கள் 1951-இல் ஒரு சோதனையின் முடிவுகளை வெளியிட்டார்கள். செவ்வகங்கள் அமைந்திருக்கும் விதத்தை ஒருவர் வாயால் விவரிக்க, மற்றவர்கள் கேட்டு வரைய வேண்டும். திருப்பிக் கேட்க அனுமதியில்லாதபோது வேலை விரைவில் முடிந்தது. ஆனால் படங்களில் பிழைகள் மிகுந்தன, வரைந்தவர்களுக்குத் தாம் வரைந்ததில் நம்பிக்கை குறைந்தது, விவரித்தவர் மீது மனக்கசப்பும் உண்டாயிற்று. கேள்வி கேட்க விட்டபோது நேரம் கூடுதலாகப் பிடித்தாலும் துல்லியமும் நம்பிக்கையும் உயர்ந்தன. சுற்றறிக்கை மட்டும் அனுப்பும் நிர்வாகம் அந்த முதல் நிலையில்தான் இருக்கிறது.

ஆகவே, முடிவெடுத்த பின்பு கருத்துக் கேட்பதை முதலில் நிறுத்துங்கள். அது சம்பிரதாயம் என்பதை உறுப்பினர்கள் விரைவில் கண்டுகொள்வார்கள். இன்னும் முடிவாகாத ஒன்றை எடுத்துக்கொண்டு, “உங்கள் கருத்து என்ன?” என்று பொதுவாகக் கேட்காமல், “ஆண்டுக் கூட்டத்தை விடுமுறை நாளின் காலையில் வைக்கலாமா, மாலையில் வைக்கலாமா?” என்பதுபோல் எளிதில் விடை சொல்லத்தக்க வகையில் கேளுங்கள். வரும் யோசனைகளைக் குறித்துவைத்து, ஒவ்வொன்றுக்கும் யார், எந்தத் தேதிக்குள் பதில் சொல்வார் என்பதைச் செயற்குழுவிலேயே தீர்மானியுங்கள். ஏற்க முடியாத யோசனைக்கும் காரணத்துடன் மறுப்புச் சொல்ல வேண்டும். மறுத்தால் மனம் நோகுமே என்று நிர்வாகிகள் மௌனம் காப்பதை நிறையப் பார்க்கிறோம். உண்மையில் மறுப்பைவிட அந்த மௌனமே ஆளைக் கூடுதலாக விலக்குகிறது.

பலர் கூடியிருக்கும் இடத்தில் பேசக் கூச்சப்படுபவர்கள் எல்லாச் சங்கங்களிலும் உண்டு. செயற்குழுவினர் உறுப்பினர் பட்டியலைப் பிரித்துக்கொண்டு தொலைபேசியில் பேசினால், குழுவில் ஒருபோதும் எழுதாதவர்களின் மனநிலையும் தெரியவரும்.

அதிருப்தி அடைந்தவர்களுக்கு வெளியேறுவது, குரல் எழுப்புவது என இரு வழிகள் உண்டு என்று பொருளியலாளர் ஆல்பர்ட் ஹிர்ஷ்மன் 1970-இல் எழுதினார். சந்தாவை மட்டும் கட்டிவிட்டு எட்டியிருப்பவர்கள் ஏறக்குறைய வெளியேறிவிட்டவர்களே. எனவே, நீங்கள் கேட்கத் தொடங்கியதும் முதலில் குறைகளே குவிந்தால் கலங்க வேண்டாம். அவற்றுக்கான பதில்களை அடுத்த கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலில் முதல் பொருளாக வையுங்கள்.