ஊழியத்துக்குப் போன மகன் பதினைந்து நிமிடத்தில் போனை வைத்துவிடுகிறான், என்ன செய்வது?

கேள்வி: என் மகனுக்கு 19 வயது. பிற்காலப் பரிசுத்தவான்களின் இயேசு கிறிஸ்து சபை வழியாக இரண்டு வருட ஊழியத்துக்குப் போயிருக்கிறான். பயிற்சி முடிந்து களத்துக்குப் போய் எட்டு வாரம் ஆகிறது. வாரம் ஒருமுறை கூப்பிடுவான். ஆரம்பத்தில் ஒரு மணி நேரம் பேசினான், இப்போது பதினைந்து நிமிடம்தான். "நல்லா இருக்கேம்மா" என்பதைத் தாண்டி ஒன்றும் வருவதில்லை. போன வாரம் கூப்பிடவே இல்லை, இரண்டு வரி மின்னஞ்சல் மட்டும் வந்தது. அவனுடைய வாரம் எப்படித்தான் போகிறது? நடுவில் நாங்களே கூப்பிடலாமா? ஏதாவது பிரச்சினை என்றால் எங்களுக்கு எப்படித் தெரியும்?

பதில்: போன வாரம் கூப்பிடாததை முதலில் பார்த்துவிடலாம், உங்களைத் தூங்கவிடாமல் வைத்திருப்பது அதுதான் என்று தோன்றுகிறது. வாரா வாரம் கூப்பிட்டே ஆகவேண்டும் என்று விதி எதுவும் கிடையாது. கூப்பிடலாம் என்ற அனுமதிதான் இருக்கிறது. அதுவும் 2019 பிப்ரவரி 15 அன்று வந்த அறிவிப்புக்கு அப்புறம்தான். அதற்கு முன்னால் வாரம் ஒரு மின்னஞ்சல், வருடத்துக்குப் பொதுவாக இரண்டே அழைப்பு, கிறிஸ்துமஸுக்கு ஒன்று, அன்னையர் தினத்துக்கு ஒன்று. நான் ஊழியம் செய்தது அந்தக் காலத்தில். என்னென்ன பேச வேண்டும் என்று ஒரு சீட்டில் எழுதி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். அம்மாவின் குரல் கேட்டதும் சீட்டு கையில் கசங்கியதுதான் மிச்சம், அதில் இருந்த ஒன்றைக்கூடப் பேசியதில்லை.

2019 அறிவிப்பிலேயே இன்னொன்றும் சொல்லியிருந்தார்கள். எல்லா ஊழியக்காரரும் எல்லா வாரமும் அழைக்க வேண்டும் என்ற எதிர்பார்ப்பு இல்லை, அழைப்பா, குறுஞ்செய்தியா, மின்னஞ்சலா, வீடியோவா என்பதை அந்தந்த ஊழியக்காரரே முடிவு செய்துகொள்ளலாம். அழைப்பதும் அவர்கள் பக்கமிருந்துதான். ஆகவே நடுவில் நீங்களாகக் கூப்பிடலாமா என்ற கேள்விக்கு என் பதில், வேண்டாம். வீட்டில் அவசரம் என்றால் அதற்கு வேறு வழி இருக்கிறது, கீழே சொல்கிறேன். வாரத்தின் எந்த நாளிலும் மின்னஞ்சல் போட்டு வைக்கலாம், அவனுக்கு நேரம் கிடைக்கும் நாளில் படித்துக்கொள்வான். பெற்றோரின் பிறந்தநாள், கிறிஸ்துமஸ், அந்தந்த ஊரின் முக்கியமான பண்டிகை ஆகிய நாட்களில், வாரத்தில் வழக்கமாகப் பேசுகிற நாள் இல்லாவிட்டாலும் தொடர்புகொள்ளலாம் என்று வைத்திருக்கிறார்கள். உங்கள் பிறந்தநாளன்று போனைக் கொஞ்சம் பக்கத்தில் வைத்திருங்கள்.

அவன் வாரம் எப்படிப் போகிறது என்று தெரிந்தால் அந்தப் பதினைந்து நிமிடம் அவ்வளவு சின்னதாகத் தோன்றாது. வழக்கமான அட்டவணைப்படி காலை 6:30-க்கு எழ வேண்டும், இரவு 10:30-க்கு விளக்கணைக்க வேண்டும், ஊருக்குத் தக்கபடி ஊழியத் தலைவர் (அந்தப் பகுதி ஊழியக்காரர்களுக்கெல்லாம் பொறுப்பாளர்) இதை முன்பின் மாற்றிக்கொள்ளலாம். காலையில் உடற்பயிற்சி, தனியாக வேத வாசிப்பு, கூட்டாளியோடு, அதாவது கூடவே தங்கி ஊழியம் செய்கிற இன்னொரு ஊழியக்காரரோடு சேர்ந்து படிப்பு, வேற்று மொழி பேசும் இடம் என்றால் அந்த மொழிப் படிப்பு. அப்புறம் வெளியே கிளம்பினால் ராத்திரி வரைக்கும் மனிதர்கள்தான். வரச் சொன்னவர் வீட்டில் இருக்க மாட்டார், வேண்டாம் என்றவர் கதவைப் பாதியில் மூடுவார், யாரோ ஒருவர் உட்காரவைத்துத் தன் கதையை இரண்டு மணி நேரம் சொல்வார். வாரத்தில் ஒரு நாள் பக்கத்துப் பகுதி ஊழியக்காரர்களோடு கூட்டம், ஒரு நாள் அடுத்த வாரத்துக்கான திட்டமிடல், ஞாயிறு ஆராதனை. ஊழியத் தலைவருக்கும் வாரா வாரம் ஒரு கடிதம் எழுத வேண்டும்.

மிச்சமிருப்பது ஆயத்த நாள். பெரும்பாலான இடங்களில் திங்கட்கிழமை. ஓய்வு நாள் என்று பெற்றோர் நினைத்துக்கொள்கிறார்கள், உண்மையில் அது ஒரு வாரத்து வீட்டு வேலையை ஒரே பகலில் முடிக்கிற நாள். துணி துவைக்க வேண்டும், அறையைப் பெருக்க வேண்டும், ஒரு வாரத்துக்குச் சாமான் வாங்க வேண்டும், தலைமுடி வெட்டிக்கொள்ள வேண்டும், தலைவருக்குக் கடிதம், வீட்டுக்குக் கடிதம், கொஞ்சம் பந்து விளையாட்டு. சாயங்காலம் ஆறு மணி வாக்கில் மறுபடியும் வெள்ளைச் சட்டை, பெயரட்டை, வெளியே கிளம்பிவிட வேண்டும். அவன் உங்களைக் கூப்பிடுகிறபோது அறைக்குள் ஈரச் சட்டைகள் நாற்காலி முதுகிலெல்லாம் தொங்கிக்கொண்டிருக்கும், போனைச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டு ஒரு காலில் சாக்ஸோடு பேசுவான், இரண்டு அடி தள்ளி இன்னொரு பையன் ஷூவுக்கு பாலிஷ் போட்டுக்கொண்டிருப்பான்.

அந்த இன்னொரு பையனைப் பற்றித்தான் நீங்கள் யோசிக்கவில்லை என்று நினைக்கிறேன். ஊழியக்காரர்கள் எப்போதும் இருவராகத்தான் இருக்க வேண்டும், பார்வைக்கும் காதுக்கும் எட்டுகிற தூரத்தில். வீட்டுக்குப் பேசும்போதும் அப்படித்தான். தன் கூட்டாளியோடு ஒத்துப்போகவில்லை என்பது அவனுடைய பெரிய கஷ்டமாக இருந்தால், அதை அந்தக் கூட்டாளி கேட்கும்படி எப்படிச் சொல்வான்? "நல்லா இருக்கேம்மா" என்றுதான் சொல்வான். (கூட்டாளிக்குத் தமிழ் தெரியாவிட்டால் கொஞ்சம் சவுகரியம்தான். ஆனாலும் தன் பெயர் நடுவில் அடிபடுவதை எந்த மொழியிலும் கண்டுபிடித்துவிடலாம், அதனால் அதை ரொம்ப நம்பவேண்டாம்.)

இதனால்தான் நான் பெற்றோரிடம் ஒன்றைத் திரும்பத் திரும்பச் சொல்கிறேன், சிலருக்கு அலுத்தும் போயிருக்கும்: வீடியோ வந்துவிட்டது என்பதற்காகக் கடிதத்தை விட்டுவிடாதீர்கள். முகம் பார்க்கவும் சிரிக்கவும் அழைப்பு போதும். கூட்டாளி குறட்டை விடுகிறான், மொழி வரவில்லை, மூன்று நாளாக ஒருவரும் கதவைத் திறக்கவில்லை, இதெல்லாம் எழுத்தில்தான் வரும். வாரம் ஒரு மின்னஞ்சல் மட்டும் இருந்த காலத்தில் பையன்கள் அதில் வாரத்தையே இறக்கி வைத்தார்கள். இப்போது "அதான் பேசிட்டோமே" என்று இரண்டு வரியோடு நிறுத்திவிடுகிறார்கள், அப்புறம் பேசும்போதும் ஒன்றும் சொல்வதில்லை. அவனிடம் நேராகவே கேளுங்கள்: "கால் மணி பேசுவதைப் பத்து நிமிஷமாக்கிக்கோ, மீதி அஞ்சு நிமிஷத்துல எனக்கு எழுது." அழைப்பைக் குறைக்கச் சொல்லி ஓர் அம்மாவே கேட்பது அவனுக்கு ஆச்சரியமாக இருக்கும், அதனாலேயே எழுதவும் செய்வான்.

நண்பர்கள், உறவினர் எல்லோருக்கும் சேர்த்து அனுப்புகிற பொதுக் கடிதம் வேறு, உங்களுக்கு மட்டும் எழுதுவது வேறு. இரண்டும் வேண்டும். உங்களுக்கு மட்டும் வந்ததைக் குடும்பக் குழுவில் போடாதீர்கள். தான் அழுததைப் பற்றி எழுதிய கடிதத்தை அத்தை படித்துவிட்டு ஆறுதல் சொன்னால், அடுத்த வாரத்திலிருந்து உங்களுக்கும் பொதுக் கடிதம்தான். அவன் இருக்கிற தெரு, கட்டடம் தெரிகிற படங்களை ஊர் பார்க்கிற இடத்தில் போடுவதும் வேண்டாம்.

அப்புறம் கேள்விகள். "எப்படி இருக்கே?" என்று கேட்டால் "நல்லா இருக்கேன்" தவிர வேறென்ன வரும். "நேத்து மழையில நனைஞ்சியா?", "ஷூ அடி தேஞ்சிருச்சா?", "போன வாரம் சொன்ன அந்தத் தாத்தா மறுபடியும் வரச் சொன்னாரா?" என்று கேளுங்கள். கடைசிக் கேள்விதான் நன்றாக வேலை செய்யும், ஆனால் போன வாரக் கடிதத்தை ஒழுங்காகப் படித்திருந்தால்தான் கேட்க முடியும். எத்தனை பேருக்கு ஞானஸ்நானம் கொடுத்தாய் என்று மட்டும் கேட்காதீர்கள். சில இடங்களில் மாதக்கணக்கில் ஒருவர்கூட வர மாட்டார், அந்த எண்ணிக்கையை வைத்து அவன் ஏற்கனவே தன்னை எடை போட்டுக்கொண்டிருப்பான். வீட்டுச் செய்தியைப் பொறுத்தவரை, கடன் தொல்லை, அப்பாவோடு சண்டை மாதிரி அவனால் அங்கிருந்து ஒன்றும் செய்யமுடியாதவற்றை வீடியோவில் கொட்டாதீர்கள். அதற்காக நோய், மரணம் போன்றவற்றை மறைக்கவும் கூடாது. திரும்பி வந்தபின் தெரிந்தால் அந்தக் கோபம் ஆறவே ஆறாது.

ஒரு மணி நேரம் பதினைந்து நிமிடமாகச் சுருங்கியதை நான் நல்ல செய்தியாகத்தான் எடுத்துக்கொள்வேன், மற்றவை சரியாக இருக்கிற பட்சத்தில். புது ஊழியக்காரருக்கு முதல் 12 வாரம் அனுபவமுள்ள ஒருவர் கூடவே இருந்து பழக்குவார். அந்தக் காலத்தில் வீட்டு நினைப்பு ஆளையே அமுக்கும், அதனால்தான் ஒரு மணி நேரம். எட்டாவது வாரத்தில் பேச்சு குறைகிறது என்றால் அங்கே அவனுக்குக் கால் ஊன்ற ஆரம்பித்திருக்கலாம். ஆனால் கவனமாக இருங்கள், இடமாற்றம் சுமார் ஆறு வாரத்துக்கு ஒருமுறை வரும். அந்த 12 வாரம் முடிகிற சமயத்தில் கூட இருப்பவரோ ஊரோ இரண்டுமோ மாறலாம், அப்போது ஒரு சறுக்கல் இருக்கும். பேச்சு மறுபடி நீண்டால் பயப்படாதீர்கள்.

எப்போது கவலைப்பட வேண்டும்? சபை ஊழியக்காரர்களுக்குக் கொடுக்கிற ஒரு சிறு கையேட்டில் மன அழுத்தத்தைப் பச்சை, மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு என்று நான்கு நிறமாகப் பிரித்திருக்கிறார்கள். பச்சை என்றால் கஷ்டம் இருந்தாலும் சமாளித்து மீண்டுவிடுகிற நிலை, சிவப்பு என்றால் இனித் தனியாகச் சமாளிக்க முடியாது, உதவி வேண்டும் என்கிற நிலை. அழைப்பின் கடைசியில் "இந்த வாரம் என்ன கலர்?" என்று கேட்டால் போதும், கூட்டாளி பக்கத்தில் இருந்தாலும் ஒரே வார்த்தையில் பதில் சொல்லிவிடலாம். நான் பார்த்தவரை பையன்கள் இதற்கு உண்மையான பதில் சொல்கிறார்கள், முழுக் கதை சொல்ல வேண்டியதில்லை என்பதால் இருக்கலாம். ஒரு வாரம் ஆரஞ்சு வரும், வரட்டும். இரண்டு மூன்று வாரம் தொடர்ந்தால், தூக்கமில்லை, சாப்பாடு இறங்கவில்லை, குளிக்கவே பிடிக்கவில்லை, தான் எதற்கும் லாயக்கில்லை என்கிற மாதிரிப் பேச்சு வந்தால், அடுத்த திங்கள் வரைக்கும் காத்திருக்காதீர்கள். உயிர் வாழவே பிடிக்கவில்லை என்று ஒரு வார்த்தை வந்தாலும் அன்றைக்கே.

யாரிடம் போவது? உங்கள் ஊர்ச் சபையை நடத்துகிற பிஷப்பிடம் சொல்லுங்கள், அங்கிருந்து ஊழியத் தலைவருக்குப் போகும். ரொம்ப அவசரம் என்றால் நேராக ஊழிய அலுவலகத்தையே கூப்பிடுங்கள், அந்த எண் உங்களிடம் இல்லையென்றால் இன்றைக்கே வாங்கி வையுங்கள். வீட்டில் மரணம், விபத்து என்றாலும் இதே வழிதான். தலைவர் நேரில் வந்தோ, பக்கத்தில் ஆள் இருக்கும்படி பார்த்துக்கொண்டோ அவனுக்குச் செய்தியைச் சொல்ல ஏற்பாடு செய்வார். தெருவில் நடந்துகொண்டிருக்கும்போது குறுஞ்செய்தியில் படிப்பதைவிட அது எவ்வளவோ மேல். மனநல ஆலோசனையும் ஏற்பாடு செய்து தருவார்கள். அது போதாமல் அவன் முன்கூட்டியே வீடு திரும்ப நேர்ந்தால், கால் உடைந்து திரும்பி வந்தவனை எப்படி வரவேற்பீர்களோ அப்படியே வரவேற்க வேண்டும். "சபையில என்ன சொல்வாங்க" என்ற கேள்வியை இப்போதே உங்கள் வீட்டுக்காரரோடு பேசி முடித்துவிடுங்கள், அவன் காதில் அது விழக்கூடாது.

போன வாரம் ஏன் கூப்பிடவில்லை என்று வரும் திங்களன்று விசாரணை நடத்த வேண்டாம். துணி துவைக்கும் இடத்தில் கூட்டமாக இருந்திருக்கும், அல்லது கூட்டாளிக்குக் காய்ச்சலாக இருந்திருக்கும், இல்லை, வெறுமனே களைத்துப்போய்த் தூங்கியிருப்பான். அந்த இரண்டு வரி மின்னஞ்சலுக்குப் பதில் எழுதிவிட்டீர்களா? இல்லையென்றால் இன்று இரவே எழுதுங்கள், இரண்டு வரிக்கு இரண்டு பக்கம். வீட்டு நாய் என்ன செய்தது, தங்கை எதற்கு அழுதாள், எல்லாவற்றையும் எழுதுங்கள்.