பெயரை மறைத்தால் மட்டும் போதாது

கேள்வி: கல்லூரி மாணவர்களுக்கு டெக்ஸ்ட் கேம் (படித்துக்கொண்டே ஆடும் எழுத்து விளையாட்டு) எழுதும் போட்டி நடத்தப்போகிறோம். 20 படைப்புகள் வரலாம், நடுவர்கள் 5 பேர். யார் எழுதியது என்று நடுவர்களுக்குத் தெரியக் கூடாது. விதிகளை எப்படி வைப்பது?
– வாசகி, திருச்சி

பதில்: படைப்புகளை வாங்கி எண் போட ஒருவரைத் தனியாக நியமியுங்கள். அவர் நடுவராகவும் இருக்கக் கூடாது, போட்டியாளராகவும் இருக்கக் கூடாது.

பெயர் பெரும்பாலும் கோப்பு வழியாகத்தான் கசியும். கூகுள் படிவத்தில் கோப்பை ஏற்றினால், ஏற்றியவரின் பெயர் கோப்புப் பெயரோடு தானாக ஒட்டிக்கொள்ளும். கேம்களை வெளியிடும் இட்ச் தளத்தின் பக்கம் என்றால் முகவரியிலேயே பயனர்பெயர் இருக்கும். ட்வைன் என்ற டெக்ஸ்ட் கேம் கருவியில் எழுதியதை ஒற்றை எச்டிஎம்எல் கோப்பாக வாங்கி, '07' என்று பெயர் மாற்றி அனுப்புங்கள். கடைசித் திரையில் நண்பர்களுக்கு நன்றி சொல்லியிருக்கிறார்களா என்றும் பாருங்கள். அதை வைத்தே ஆளைப் பிடித்துவிடலாம். இன்ஃபார்ம் என்ற இன்னொரு கருவியில் எழுதியதில் ஆசிரியர் பெயர் தொடக்கத்திலேயே வரும். 'பெயரிலி' என்று மாற்றி மறுபடி தொகுத்துத் தரச் சொல்லுங்கள்.

அடுத்தது நேரம். 1995 முதல் நடக்கும் ஐஎஃப்காம்ப் என்ற டெக்ஸ்ட் கேம் போட்டியில், முதல் இரண்டு மணி நேர ஆட்டத்தை வைத்தே 1 முதல் 10 வரை மதிப்பெண் போட வேண்டும். உங்களுக்கு அது கட்டாது: 20 ஆட்டத்துக்கு 40 மணி நேரம். ஆட்டத்துக்கு 45 நிமிடம் என்று வைத்தால் நடுவருக்கு 15 மணி நேரம்தான். இந்த வரம்பை அறிவிப்பிலேயே போடுங்கள். இல்லையென்றால் மூன்று மணி நேர ஆட்டத்தை அனுப்பிவிட்டு, முடிவுவரை யாரும் ஆடவில்லை என்று வருத்தப்படுவார்கள்.

கேள்வி: 20 படைப்புகளை 5 நடுவர்களுக்கும் ஆளுக்கு நான்கு என்று பிரித்துக் கொடுக்கலாமா?
– வாசகர், கோவை

பதில்: கூடாது. கறாரான நடுவரிடம் 6 வாங்கிய ஆட்டம், தாராளமானவரிடம் 8 வாங்கியதைவிட நன்றாக இருக்கலாம். எல்லாரும் எல்லாவற்றையும் ஆடட்டும். வரிசையை மட்டும் ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகக் குலுக்குங்கள். பட்டியலின் கடைசியில் இருப்பது எல்லாருக்கும் களைத்த வேளையில் போய்ச் சேரக் கூடாது.

கேள்வி: நடையை வைத்து நடுவர் ஆளைக் கண்டுபிடித்துவிட்டால்?
– வாசகர், மதுரை

பதில்: அந்த ஆட்டத்துக்கு மட்டும் அவர் விலக வேண்டும். இதற்காகவே மொத்த மதிப்பெண்ணைக் கூட்டாமல் சராசரி எடுங்கள். மூன்று பேருக்குக் குறைவாக மதிப்பிட்டிருந்தால் வெளியாள் ஒருவரைச் சேர்க்கலாம். முடிவு வரும்வரை "இது என்னுடையது" என்று எங்கும் சொன்னவரின் படைப்பு நீக்கப்படும் என்பதையும் எழுதிவையுங்கள், வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ் உட்பட.