இணையவழிக் குதிரைப் படிப்பு – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

சென்ற ஆடியில் அந்தியூர்ச் சந்தையில் இரண்டு குதிரைகள் வாங்கினோம். ஒன்று கத்தியவாரி இனக் கலப்பில் பிறந்த ஏழு வயதுப் பெண் குதிரை, மற்றது மட்டக்குதிரை. உடுமலைப்பேட்டைக்கு அருகில் எங்கள் தோப்பிலேயே குழந்தைகளுக்குச் சவாரி கற்றுத்தரும் ஒரு சிறு பள்ளி தொடங்கலாம் என்று இருக்கிறோம். அதற்காக ஒரு வெளிநாட்டு இணையவழிப் படிப்பில் சேர்ந்து பாதியை முடித்துவிட்டேன். ஆனால் அதில் சொல்லப்படும் ஓட்ஸும் ஆல்ஃபால்ஃபாவும் இங்கே எங்கே கிடைக்கும் என்று தெரியவில்லை. நாங்கள் ஊறவைத்த கொள்ளும் கோதுமைத் தவிடும் கலந்து காலையும் மாலையும் வேளைக்கு மூன்று கிலோ வைக்கிறோம். இரவில் கோ-4 புல் போடுகிறோம். குதிரைகளைப் பார்த்துக்கொள்ளும் பெரியவர் பழனியில் முப்பது வருடம் குதிரை வண்டி ஓட்டியவர். "படம் பார்த்துக் குதிரை வளர்க்க முடியுமா, அம்மணி?" என்று கேட்கிறார். மேற்கொண்டு பணம் கட்டிச் சான்றிதழ் வாங்குவதா, விட்டுவிடுவதா? அந்தச் சான்றிதழ் தொழிலுக்கு உதவுமா? என் பெயரை வெளியிட வேண்டாம்.

ஒரு வாசகி

அன்புள்ள வாசகிக்கு,

படிப்பை நிறுத்த வேண்டாம். ஆனால் மீதிப் பாடங்களைத் தனியாக அமர்ந்து பார்க்காதீர்கள். பெரியவரைப் பக்கத்தில் உட்காரவைத்து, ஒவ்வொரு பாடத்தையும் நிறுத்தி நிறுத்தித் தமிழில் அவருக்குச் சொல்லுங்கள். நள்ளிரவில் குதிரை தீவனத்தை விட்டு விலகி நிற்பதை முதலில் பார்க்கப்போகிறவர் அவர்தான். குதிரைக்கான இணையவழிக் கல்வி இன்று ஏராளமாகக் கிடைக்கிறது. அது உரிமையாளரின் கைபேசியோடு நின்றுவிடுகிறது என்பதே என் முதன்மையான கவலை.

இந்தக் கல்வியின் தரத்தைப் பற்றி எனக்கு ஐயம் இல்லை. ஸ்காட்லாந்தின் எடின்பரோ பல்கலைக்கழகம் 2013 ஜனவரியில் கோர்செரா என்ற இணையவழிக் கல்வித் தளத்தில் தன் முதல் ஆறு பாடங்களை உலகுக்குத் திறந்துவிட்டபோது, தத்துவத்தோடும் செயற்கை நுண்ணறிவோடும் குதிரை உணவூட்டத்தையும் ஒரு பாடமாக வைத்தது. கனடாவின் குவெல்ஃப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஈக்வைன் குவெல்ஃப் என்ற குதிரைக் கல்வி மையம், வயிற்றுவலித் தடுப்பு, நோய்ப்பரவல் தடுப்பு, லாயத்தில் தீ விபத்துத் தடுப்பு என்று தனித்தனிக் குறும்பாடங்களை நடத்துகிறது. முன்பெல்லாம் கால்நடை மருத்துவக் கல்லூரிக்குள் மட்டும் இருந்த அறிவு இது. குதிரையின் உடல் எடின்பரோவிலும் உடுமலையிலும் ஒன்றுதான் என்பதால், அதன் பெரும்பகுதி நமக்கும் அப்படியே பொருந்தும்.

உங்கள் தீவன முறையையே எடுத்துக்கொள்வோம். குதிரையின் இரைப்பை அதன் உடலளவுக்கு மிகச் சிறியது. அதில் அமிலம் இரவும் பகலும் ஓயாமல் சுரக்கிறது. குதிரையால் வாந்தி எடுக்க முடியாது. திறந்த வெளியில் விட்டால் ஒரு நாளின் பெரும்பகுதி மேய்ந்துகொண்டே இருக்கும் விலங்கு அது. நீங்களோ வேளைக்கு மூன்று கிலோ அடர்தீவனத்தை வைத்துவிட்டுப் பகல் முழுவதும் அதை வெறும் வயிற்றோடு நிறுத்துகிறீர்கள். சிறுகுடலில் செரிக்காத மாவுச்சத்து பெருங்குடலுக்குப் போய் அங்கே புளித்து அமிலமாகும்; வயிற்றுவலியும், குளம்பின் உட்பகுதி அழன்று குதிரை நிற்க முடியாமல் போகும் நோயும் பல வேளைகளில் அங்கிருந்தே தொடங்குகின்றன. ஒரு வேளை அடர்தீவனம் உடல் எடையில் அரை விழுக்காட்டைத் தாண்டாமல் இருப்பது நல்லது. அதாவது 300 கிலோ குதிரைக்கு ஒன்றரைக் கிலோ.

எடை எவ்வளவு என்று எப்படித் தெரியும்? உங்கள் பாடத்தில் இந்தக் கணக்கு கட்டாயம் வரும். முன்னங்காலுக்குப் பின்னால் நெஞ்சுச் சுற்றளவையும், தோள்முனையிலிருந்து பிட்டத்தின் முனை வரை நீளத்தையும் சென்டிமீட்டரில் எடுத்து, சுற்றளவைச் சுற்றளவால் பெருக்கி, அதை நீளத்தால் பெருக்கி, 11,880-ஆல் வகுக்க வேண்டும். தையல் நாடா 150 சென்டிமீட்டரில் முடிந்துவிடுவதால் நான் ஒரு பருத்திக் கயிற்றால் அளந்து, பிறகு கயிற்றைத் தரையில் நீட்டி நாடாவை வைப்பேன். என் பெண் குதிரைக்குச் சுற்றளவு 160, நீளம் 140. கணக்குப் போட்டால் ஏறத்தாழ 302 கிலோ. கண்ணால் பார்த்து 400 என்று நான் நெடுநாள் நம்பியிருந்தேன். குடற்புழு மருந்தையும் அந்தக் கணக்கில்தான் கொடுத்துக்கொண்டிருந்தேன்.

நம் ஊர்த் தீவனத்துக்கு வரும்போதுதான் இந்தப் பாடங்கள் கைவிடுகின்றன, அல்லது கைவிடுவதுபோலத் தோன்றுகின்றன. உங்களுக்குக் கிடைக்காத ஆல்ஃபால்ஃபாவுக்குத் தமிழில் குதிரை மசால் என்று பெயர். கோவை வட்டாரத்தில் காலங்காலமாகப் பயிரிடப்படுவது. நம் முன்னோர் பெயரிலேயே குதிரையை வைத்துவிட்டார்கள். பாடத்தை ஆங்கிலத்தில் மட்டும் படித்தவருக்கு அது பக்கத்துத் தோட்டத்தில் நிற்பது தெரியாமல் போகிறது. மறுபுறம், ஓட்ஸையும் உலர்புல்லையும் மையமாகக் கொண்ட பாடங்களில் பெரிதாகப் பேசப்படாத ஒரு சிக்கல் உங்கள் லாயத்திலேயே இருக்கிறது. கோதுமைத் தவிட்டில் கால்சியத்தைப்போல ஏறத்தாழ பத்து மடங்கு பாஸ்பரஸ் உண்டு. கோ-4 போன்ற கம்பு நேப்பியர் புற்களில் ஆக்சலேட் மிகுந்திருக்கக்கூடும். அது உள்ள கால்சியத்தையும் கட்டிப்போட்டுவிடும். இரண்டும் சேர்ந்தால் உடல் தன் எலும்பிலிருந்தே கால்சியத்தை எடுக்கத் தொடங்கும். முதலில் காரணம் புரியாத நொண்டல் வரும். பிறகு முக எலும்பு இளகி வீங்கும். அதே புல்லைத் தின்னும் பக்கத்து வீட்டு மாடு கொழுகொழுவென்று இருப்பதைப் பார்த்து ஏமாறக் கூடாது. மாட்டின் வயிற்று நுண்ணுயிர்கள் ஆக்சலேட்டைச் சிதைத்துவிடும், குதிரைக்கு அந்த வசதி இல்லை. கால்சியம் நிறைந்த குதிரை மசால் இங்கே எத்தனை பொருத்தமான துணை என்று எண்ணிப் பாருங்கள்.

குதிரையைப் பேணும் அறிவு தமிழ்நாட்டுக்கு வந்துசேராமல் போனது புதிய கதை இல்லை. பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் பாண்டிய நாட்டுக் கரைக்கு வந்த மார்க்கோ போலோ, ஏடனிலிருந்தும் ஹோர்முஸிலிருந்தும் ஆண்டுதோறும் பெருந்தொகையான குதிரைகள் இங்கே இறக்குமதியானதையும், பேணத் தெரியாததால் அவை மிக விரைவில் மடிந்ததையும் எழுதியிருக்கிறார். விற்ற வணிகர்கள் குதிரை வைத்தியர்களை அழைத்துவரவும் இல்லை, தாமாக வர நினைத்தவர்களை வரவிடவும் இல்லை. குதிரை செத்தால்தானே அடுத்த ஆண்டும் விற்கலாம்! இந்த வரிகளைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு கனக்கும். இன்று அந்த அறிவைத் தடுத்துவைக்க எந்த வணிகரும் இல்லை. மொழி மட்டும்தான் குறுக்கே நிற்கிறது.

எனக்குத் தெரிந்த ஒரு லாயத்தில் நடந்ததைச் சொல்கிறேன். உரிமையாளர் நீண்டதொரு வெளிநாட்டுப் படிப்பை முடித்து, சான்றிதழைச் சட்டமிட்டு மாட்டியிருந்தார். ஒரு மழை இரவில் அவர் வெளியூரில் இருந்தபோது, குதிரை முன்னங்காலால் தரையைப் பறித்தது. திரும்பித் திரும்பித் தன் விலாவைப் பார்த்தது. சிறுநீர் கழிப்பதுபோல உடலை நீட்டி நின்றது. பராமரிப்பவர் அதை நீரடைப்பு என்று நினைத்தார். வயிற்றுவலி வந்த குதிரை அப்படி நிற்கும் என்று அவருக்கு யாரும் சொன்னதில்லை. நல்லெண்ணெயைப் புட்டியில் ஊற்றி, குதிரையின் தலையைத் தூக்கிப் புகட்டினார். எண்ணெய் நுரையீரலுக்குள் போய்விட்டது. நான் மறுநாள் காலையில் போனபோது குதிரையின் மூக்கோரம் எண்ணெய் மினுமினுத்தது. ஒவ்வொரு மூச்சுக்கும் விலா அடித்துக்கொண்டது. மூன்றாம் நாள் அது இறந்தது. எதையும் புகட்டக் கூடாது, தீவனத்தை எடுத்துவிட வேண்டும், உடனே மருத்துவரை அழைக்க வேண்டும் என்ற மூன்று வரிகளும் உரிமையாளரின் கைபேசியில் ஆங்கிலத்தில் இருந்தன. பராமரிப்பவரை நான் குறை சொல்ல மாட்டேன். அவர் அந்த இரவு முழுவதும் குதிரையின் கழுத்தை விட்டு அகலவில்லை.

ஆகவே பெரியவரின் கேள்வியை ஏளனமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். அதில் பாதி உண்மை. லாடம் கட்டுவதைப் படம் பார்த்துக் கற்க முடியாது. குளம்பு மாதத்துக்கு ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் வளரும், ஆறிலிருந்து எட்டு வாரத்துக்கு ஒருமுறை சீவ வேண்டும் என்பதைப் பாடம் சொல்லும். அரம் எவ்வளவு ஆழம் போகலாம் என்பதைக் கைதான் அறியும். குளம்புக்குச் சற்று மேலே, கணுவின் பின்புறம் இரு ஓரங்களிலும் ஒரு நாடி ஓடுகிறது. நலமாக உள்ள குதிரையில் அது விரலுக்கு எட்டியும் எட்டாமலும் இருக்கும். குளம்பு அழலும்போது துள்ளும். அந்த இடத்தைத் திரை காட்டிவிடும். நலமான காலில் பத்து நாள் தொட்டுப் பழகிய விரலுக்குத்தான் வேறுபாடு தெரியும், அந்த விரல் உங்கள் பெரியவரிடம் ஏற்கெனவே இருக்கலாம். அவர் இதுவரை எண்களில் சொல்லாததை எண்களில் சொல்லவைப்பதே படிப்பின் வேலை.

சான்றிதழைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். பெற்றோருக்கு நம்பிக்கை தரும் என்றால் வாங்குங்கள். அது எந்த உரிமத்துக்கும் ஈடாகாது. முக்கியமாக, மருத்துவம் பார்க்கும் தகுதியை அது தராது. 1984-ஆம் ஆண்டின் இந்தியக் கால்நடை மருத்துவ மன்றச் சட்டப்படி மருத்துவம் பார்ப்பது பதிவுபெற்ற கால்நடை மருத்துவருக்கே உரியது. வலிமருந்துகளின் பெயர்களைப் பாடத்தில் கேட்டுவிட்டுத் தாமே ஊசி போடும் உரிமையாளர்களைப் பார்த்திருக்கிறேன். வலி அடங்கும், உள்ளே குடல் முறுக்கிக்கொண்டிருப்பது மறைந்துவிடும்.

தொழிலுக்கு உண்மையாக உதவக்கூடியது எடைக் கணக்கு. சவாரி செய்பவரும் சேணமும் சேர்ந்து குதிரையின் எடையில் ஐந்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது என்பது பரவலாக ஏற்கப்பட்ட அளவு. உங்கள் மட்டக்குதிரை 200 கிலோ என்றால், சேணத்தோடு 40 கிலோ. குழந்தையோடு வரும் தந்தை "நானும் ஒரு சுற்று" என்று கேட்பார். வாசலில் ஓர் எடைப்பொறியை வைத்துவிட்டால் நீங்கள் மறுத்துப் பேச வேண்டியிராது. இழுவை, பொதி விலங்குகளுக்கான 1965-ஆம் ஆண்டு வதைத்தடுப்பு விதிகள் ஒரு நாளில் ஒன்பது மணி நேரத்துக்கு மேலும், இடைவேளையின்றி ஐந்து மணி நேரத்துக்கு மேலும், வெப்பம் 37 டிகிரியைத் தாண்டும் இடங்களில் நண்பகல் 12 முதல் 3 வரையும் வேலை வாங்குவதைத் தடைசெய்கின்றன. சவாரிப் பள்ளிக்கு இவற்றை விடவும் கடுமையான வரம்பை வையுங்கள்.

இன்னொன்று: சந்தையிலிருந்து வந்த குதிரைகள் என்பதால், குழந்தைகள் நெருங்கும் முன் அரசுக் கால்நடை மருத்துவரிடம் காட்டி கிளாண்டர்ஸ் சோதனை பற்றிக் கேளுங்கள். மனிதருக்கும் தொற்றும் நோய் அது. குருதி மாதிரியை ஹிசாரில் உள்ள தேசியக் குதிரையின ஆய்வு மையத்தில் சோதிப்பார்கள். டெட்டனஸ் என்ற இரணஜன்னிக்கான தடுப்பூசியையும் அன்றே போட்டுவிடலாம்; அந்த நோய் குதிரையை எளிதில் கொன்றுவிடும்.

இந்த வாரம் ஒரு வேலை செய்யுங்கள். லாயத்தின் சுவரில் பெரிய தமிழ் எழுத்தில் எழுதிவையுங்கள்: உடல் வெப்பம் 37.5 முதல் 38.5 டிகிரி, நாடி நிமிடத்துக்கு 28 முதல் 44, மூச்சு 8 முதல் 16. அதன் கீழே மருத்துவரின் எண். பெரியவர் தினமும் காலையில் இரு குதிரைகளுக்கும் இவற்றைப் பார்த்து, தம் கையாலேயே ஒரு நோட்டில் குறிக்கட்டும். தவிட்டையும் கொள்ளையும் ஒரே நாளில் குறைத்துவிடாதீர்கள். குடல் பழக வேண்டும், பத்து முதல் பதினான்கு நாட்களில் படிப்படியாகக் குறைத்து, அந்த இடத்தில் பகலிலும் உலர்தீவனமும் கொஞ்சம் குதிரை மசாலும் வையுங்கள். நெஞ்சுச் சுற்றளவைக் கயிற்றால் எடுத்த பிறகு இரண்டு குதிரைகளின் எடையையும் எனக்கு எழுதினால், தீவனக் கணக்கை நாம் சேர்ந்தே போடலாம்.

அன்புடன்