வெள்ளை சேஜ் செடிக்குத் தினமும் தண்ணீர் வேண்டாம்

வணக்கம் சகோ. சான் டியேகோ வீட்டுத் தொட்டியில் வைத்த வெள்ளை சேஜ் அடியிலிருந்து மஞ்சளாகித் துவளுது, வாடுதேன்னு தினமும் தண்ணி ஊத்துறேன்னு எழுதியிருந்தீங்க. அந்தத் தண்ணிதான் வினை. இன்றே நிறுத்துங்க.

இது தெற்குக் கலிஃபோர்னியா, மெக்சிகோவின் பாஹா கலிஃபோர்னியா இரண்டிலும் காய்ந்த சரிவுகளில் வளர்ற மூலிகைச் செடி. மழை குளிர்காலத்தில், கோடை முழுக்க வறட்சி. அதுக்குப் பழகின வேர். இலையில் வெள்ளையா மாவு பூசின மாதிரி இருக்கே, அது அத்தனையும் நுண்ணிய ரோமம். வெயிலைத் திருப்பி அனுப்பி, ஈரத்தைக் காப்பாத்தறதே அதுதான்.

தொட்டியிலிருந்து மெதுவா எடுத்து வேரைப் பாருங்க. கறுத்து நசநசன்னு இருந்தால் அதை மட்டும் வெட்டிட்டு, பாதிக்குப் பாதி மணலும் சரளையும் கலந்த மண்ணில் வையுங்க. நாள் முழுக்க வெயில் படணும். உரம் வேண்டவே வேண்டாம். மண் நல்லா காய்ந்த பிறகுதான் தண்ணி. தோட்டம் இருந்தால் நவம்பரில் தரையில் நடுங்க, பிழைச்சுக்கும்.

அம்மா சளிக்கு இலை கேட்டீங்க. தெற்குக் கலிஃபோர்னியாவின் பூர்வகுடிகளான கவீயா மக்கள் சளிக்கு இதைத்தான் பயன்படுத்தினாங்க. விதையை அரைச்சுக் கஞ்சியாக் குடிச்சாங்க, இலையைக் கசக்கித் தலை அலசினாங்க. கசக்கினால் யூகலிப்டஸ் வாசனை தூக்கும். ஆவி பிடிக்கலாம். குடிக்கிறதுன்னா, அம்மா மாத்திரை சாப்பிடறவங்களா இருந்தால் டாக்டரைக் கேட்டுட்டுத்தான். கர்ப்பிணிகளுக்கு வேண்டாம்.

ஒரு வேண்டுகோள்: இந்த இலையைக் காயவெச்சுக் கட்டி, கொளுத்திப் புகை போட கடையில் விற்கிற கட்டுகளை வாங்காதீங்க. காட்டிலிருந்து திருட்டுத்தனமா வெட்டி வர்றது நிறைய. செடி தேறினதும் உங்க செடியிலேயே நுனியை மட்டும் கிள்ளிக்கலாம்.