வெயிலுக்கு எது, மார்கழிக்கு எது?

கேள்வி: டியோர் சவாஜ், ஹெர்மெஸின் டெர் டெர்மெஸ் என்ற இரண்டு செண்டும் பிடித்திருக்கிறது (இரண்டுமே ஓ டி துவாலெட், அதாவது செறிவு குறைந்த வகைதான்). இப்போது ஒன்றுதான் வாங்க முடியும். தினமும் பைக்கில் போய் ஏசி ஆபீஸில் வேலை, வருஷத்துக்கு நாலைந்து கல்யாணம். டெர் டெர்மெஸ் குளிர்காலத்துக்கு மட்டும்தான் என்கிறார்களே?
– வாசகர், சென்னை

பதில்: முதலில் டெர் டெர்மெஸை வாங்குங்கள். அதைக் குளிர்காலத்துக்கு ஒதுக்குகிறவர்கள் ஐரோப்பாவை மனதில் வைத்துச் சொல்கிறார்கள். 2006-ல் ஜான் குளோத் எலெனா உருவாக்கிய செண்ட் அது. எடுத்ததும் ஆரஞ்சும் கிரேப்ஃப்ரூட்டும், அப்புறம் மிளகு, கடைசியில் சிடார் மரமும் வெட்டிவேரும். அந்த வேருக்குப் பிரெஞ்சுக்காரர்கள் சொல்லும் பெயரே நம் தமிழ்ச் சொல்தான்! கோடையில் பானைத் தண்ணீரில் வெட்டிவேர் போட்டுக் குடித்த நமக்கு அது எப்படிக் குளிர்கால வாசனை ஆகும்? ஆனால் இதில் ஈரப் பானையின் மணத்தை எதிர்பார்க்காதீர்கள், நன்றாகக் காய்ந்து, கல்லோடு கல் உரசினது போல இருக்கும்.

சவாஜ் 2015-ல் வந்தது, ஃப்ரான்சுவா டெமாஷி செய்தது. அதில் இருப்பவை இத்தாலியின் கலாப்ரியா பெர்கமோட் (எலுமிச்சை வகைப் பழம்), சிச்சுவான் மிளகு, அம்ப்ராக்சன் என்ற செயற்கை வாசனைப் பொருள். சிச்சுவான் மிளகு நம் மிளகுக் கொடியின் உறவே இல்லை, எலுமிச்சை குடும்பத்துச் செடி, காரத்தோடு அந்தப் புத்துணர்ச்சியும் சேர்ந்து வருவது அதனால்தான். பிரச்சினை அம்ப்ராக்சனில் இருக்கிறது. மே மாத வெயிலில் பெர்கமோட் அரை மணி நேரத்தில் பறந்துவிடும், இது மட்டும் மணிக்கணக்கில் தோலில் நிற்கும். உங்கள் மூக்கு சீக்கிரமே பழகிவிடுவதால், வாசனை போய்விட்டது என்று நினைத்து மறுபடி அடிப்பீர்கள், மூடிய ஏசி அறையில் பக்கத்து சீட்காரருக்குத் தலை வலிக்கும். தினசரி ஆபீஸுக்கு அதை நான் சொல்லவே மாட்டேன்.

கல்யாணத்தில் கதை வேறு. காலை முகூர்த்தத்தில் மல்லிகை, சந்தனம், ஹோமப் புகை நடுவே டெர் டெர்மெஸ் ஒட்டிப்போகும். மாலை ரிசப்ஷன், அதுவும் மார்கழி முடிந்து தை மாதத்தில் திறந்தவெளி என்றால், சவாஜ் கூட்டத்திலும் தனியாகத் தெரியும், இரண்டு ஸ்ப்ரே போதும். அடுத்த போனஸில் அதையும் வாங்கிக்கொள்ளுங்கள்.

ஒன்று மட்டும் செய்யுங்கள்: கடையில் காகிதத்தில் முகர்ந்ததோடு பணம் கட்டாதீர்கள். ஒரு கையில் இதையும் மறு கையில் அதையும் அடித்துக்கொண்டு வெளியே வந்து, பைக்கில் வெயிலில் சுற்றி, நாலு மணி நேரம் கழித்து முகர்ந்து பாருங்கள், அப்போது மீதி இருப்பதுதான் நாள் முழுக்க உங்களோடு இருக்கப்போவது. வாங்கின பாட்டிலை பைக் பெட்டியில் மட்டும் வைக்காதீர்கள், சூட்டில் கெட்டுவிடும், பீரோவுக்குள் இருக்கட்டும்.