மே மாத சாவனதுர்கா: தண்ணீர் இருக்கட்டும், எத்தனை கயிறு?

ராமேஸ்வரம் பக்கத்து மண்டபத்திலிருந்து ஒரு மீனவத் தம்பி கேட்கிறார்: "மீன்பிடித் தடைக்காலத்தில்தான் எங்களுக்கு லீவு. மே மாதம் நாங்கள் மூன்று பேர் பெங்களூரு பக்கம் சாவனதுர்கா மலையில் எட்டு பிட்ச் (ஒரு கயிறு நீளத்துக்குள் ஏறும் கட்டம்) ஸ்லாப் (சாய்ந்த வழுவழுப்புப் பாறை) ஒன்று ஏறப் போகிறோம். ஏஜென்ட் ஒருவர் சாமான் தந்து, முன்னால் ஏறவும் ஆள் அனுப்புகிறார். ஏழு மணிக்கு ஆரம்பித்தால் போதுமாம். ஆளுக்கு எவ்வளவு தண்ணீர் வேண்டும்? போட்டுக் கயிறு கொண்டுவரலாமா? வெயில் எங்களுக்குப் புதிதில்லை."

தண்ணீர் ஆளுக்கு நான்கு லிட்டர், கூடவே உப்புச் சர்க்கரைக் கரைசல். அந்தக் கணக்கு அவ்வளவுதான். நேரக் கணக்குதான் உதைக்கிறது.

முன்னால் ஏறுபவரோடு நீங்கள் மூன்று பேரும் ஏறினால் ஒரு பிட்சுக்கு முக்கால் மணி நேரமாவது போகும். ஏழு மணிக்குத் தொடங்கினால் உச்சியைத் தொட மதியம் ஒன்று. உங்கள் ஊர் வெயிலில் கடல் காற்றாவது அடிக்கும். இது மொட்டைக் கருங்கல். மேலே வெயில், கீழே பாறைச் சூடு. ஸ்லாபில் கைப்பிடி என்று பெரிதாக எதுவும் கிடையாது, ஷூ ரப்பர் பாறையைப் பற்றுவதுதான் பிடி. பாறை கொதித்தால் ரப்பர் இளகி வழுக்கும், விரல் நுனி வியர்க்கும், கால் வீங்கி இறுக்கமான ஷூவுக்குள் நிற்கவே முடியாது. ஆங்கரில் (பாறையில் கயிறு மாட்டும் பிடிமானம்) சும்மா தொங்கி நிற்பவருக்கு மயக்கம் வரலாம். பேச்சு குழறினால் உடனே இறக்குங்கள்.

"மேற்குப் பார்த்த பாறை சார், மதியம் வரை நிழல்" என்று ஏஜென்ட் சொல்லியிருப்பார். செங்குத்துச் சுவருக்கு அது சரி. ஸ்லாப் சாய்ந்து படுத்திருக்கிறது. தரையிலிருந்து 55 டிகிரி சாய்வு என்று வைத்துக்கொள்ளுங்கள்; கிழக்கே எழும் சூரியன் 55 டிகிரி உயரம் வந்ததும் வெயில் பாறையின் முதுகைத் தாண்டி உங்கள் மேல் விழுந்துவிடும். ஏப்ரல் கடைசியில் பெங்களூருக்கு நேர் உச்சியில் வருகிற சூரியன், மே மாதமும் கிட்டத்தட்ட அங்கேதான் போகும். ஆகவே ஒன்பதரை, பத்துக்கெல்லாம் நிழல் போயிருக்கும். பாறை இன்னும் படுத்திருந்தால் அதற்கும் முன்பே. மேலே போகப் போகச் சாய்வு குறைகிற பாறையில் கடைசி பிட்சுகளுக்கு நிழல் கணக்கே கிடையாது.

இப்போது கயிறு. பாதியில் திரும்ப வேண்டியிருந்தால்? 60 மீட்டர் கயிறு ஒன்றை மடித்துப் போட்டு இறங்கினால் 30 மீட்டர்தான் போகும். நீளமான ஸ்லாபில் ஆங்கருக்கு ஆங்கர் 40, 50 மீட்டர் இருக்கும். ஒரே கயிற்றோடு மூன்றாவது பிட்சில் மாட்டிக்கொண்டால் மேலேயும் இல்லை, கீழேயும் இல்லை. 60 மீட்டரில் இரண்டு வேண்டும், இறங்கும்போது இரண்டு நுனியிலும் முடிச்சு வேண்டும். போட்டுக் கயிறு வேண்டவே வேண்டாம். அது பெரும்பாலும் பாலிப்ரோப்பிலின், உராய்வுச் சூட்டில் உருகும்.

வாடகைக்கு விடும் ஏஜென்டுகளிடம் எனக்குத் தீராத கோபம் உண்டு. ராப்பெல் (கயிற்றில் இறங்கும்) விளையாட்டுக்கு வாங்கிய ஸ்டாட்டிக் கயிற்றைக் கொடுத்து முன்னால் ஏறச் சொல்கிறார்கள். அது அவ்வளவாக நீளாது, விழுந்தால் அதிர்ச்சி முழுவதும் இடுப்புக்கும் ஆங்கருக்கும் போகும். முன்னால் ஏற, நீண்டு அதிர்ச்சியைத் தாங்கும் டைனமிக் கயிறு மட்டும்தான். கயிற்று நுனியில் ஒரு பட்டி ஒட்டியிருக்கும். அதில் வட்டத்துக்குள் 1 என்ற எண் இருக்கிறதா பாருங்கள். பட்டி உரிந்துபோன கயிற்றைத் தொடாதீர்கள். குரங்கணிக் காட்டுத் தீயில் 2018-இல் அத்தனை உயிர் போன பிறகு தமிழ்நாட்டில் காட்டு நடைக்கு விதிகள் வந்தன. கயிறு கட்டிப் பாறையில் ஏற்றுகிறவனிடம் "உனக்கு என்ன பயிற்சி?" என்று கேட்கும் அதிகாரி ஒருவரையும் நான் பார்த்ததில்லை. பிறகு எப்படித் திருந்துவார்கள்?

என் யோசனை: முழுப் பாறையை டிசம்பர், ஜனவரிக்கு வையுங்கள். கடலுக்கு நான்கு நாள் போகாவிட்டால் நஷ்டம்தான், தெரிகிறது. மே மாதமே போயாக வேண்டும் என்றால், விடிந்ததும் ஐந்தரைக்குப் பாறையில் கால் வையுங்கள். மூன்று பிட்ச் ஏறி, ஒன்பதரைக்குள் தரைக்கு வந்துவிடுங்கள். மேகம் மூடியிருக்கிறது என்று தாமதிக்காதீர்கள். அங்கே மே மாதம் பிற்பகலில் இடி மழை சகஜம், நனைந்த ஸ்லாபில் கால் நிற்காது. தேன்கூடு கண்ணில் பட்டால் அந்தப் பக்கமே வேண்டாம்.

இன்றைக்கே ஏஜென்டுக்கு போன் போடுங்கள். கயிறு எத்தனை, எந்த வருடத்தில் செய்தது, முன்னால் ஏறுபவர் எங்கே பயின்றவர், வனத்துறை அனுமதி யார் பெயரில்? நான்கு கேள்விக்கும் நேரான பதில் வராவிட்டால் அட்வான்ஸைத் திருப்பிக் கேளுங்கள்.